கூடத்துக்கு வெளியே

தெருக்கதவின் சாவி கிடைக்காததால் பின்வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள். வீட்டை வாங்குபவர் வருவதற்குள் தூசி தட்டிவிடலாம் என்று பெரியவரின் தங்கை மகள் மாடிக்குப் போனாள்.

பெரியவர் கூடத்தில் உட்கார்ந்து நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரை விரித்தார். தெருவாசலிலிருந்து கூடத்துக்கு வரும் நடையின் கதவு தாழிட்டபடியே இருந்தது. பூட்டிக் கிடந்த வீட்டின் புழுக்கத்தில் எங்கிருந்தோ ஈரமண் வாடை.

"நாலு பேர் கூடி நியாயம் பேசுமிடம். இரண்டெழுத்து."

பழக்கதோஷத்தில் உரக்கவே வாசித்தார். ஒரு காலத்தில் அவர் இப்படி வாசிப்பார். தங்கை எந்த அறையில் எந்த வேலையாக இருந்தாலும் அங்கிருந்தே விடை சொல்வாள்.

"அவை."

தாயைப் போலவே கெட்டிக்காரி என்று நினைத்தபடி எழுதினார்.

"கல்யாணம் நடக்குமிடம். ஐந்தெழுத்து."

"மண்டபம்."

குரல் மாடியிலிருந்து வரவில்லை.

தாழிட்ட கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அன்றும் தங்கை அங்கேதான் நின்றாள். பெற்ற குழந்தையை விட்டுவிட்டு ஒருவனோடு போனவள், மழையில் நனைந்துகொண்டு திரும்பியிருந்தாள். கூடத்தில் சம்பந்தி வீட்டார்.

"அண்ணா, குழந்தையை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

யாரது என்று கேட்ட சம்பந்தியிடம், "யாருமில்லை, காத்து" என்று சிரித்தார். மறுநாள் ஆற்றில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. அடையாளம் காட்ட அவர் போகவில்லை. குடும்பத்தின் பெயர் தப்பியது.

"யாரோட மாமா பேச்சு? வாங்க வர்றவர் கேட்டா, பேய் வீடுன்னு விலையைக் குறைச்சுடுவார்!" சிரித்தபடி இறங்கி வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பார்வை புதிரில் நின்றது. "அம்மாவும் இது போடுவாங்களாமே. போனவங்க ஒரு நாளாவது என்னைப் பாக்க வந்தாங்களா, மாமா?"

பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"வரலை."

ஈர வாடை நெருங்கியது. அவள் அடுத்த குறிப்பை வாசித்தாள்.

"கூடத்துக்கும் தெருவுக்கும் நடுவில் இருப்பது."

"நடை."

அவள் துள்ளி எழுந்தாள். "யாரு மாமா அது?"

"யாருமில்லை... காத்து."

அவள் தாழை நீக்கினாள். நடையில் ஒருவரும் இல்லை. தெருக்கதவு பூட்டியே இருந்தது. நிலைப்படியின் அந்தப்பக்கம், கூடத்தைப் பார்த்தபடி, இரண்டு ஈரப் பாதங்களின் சுவடு.

வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"காத்துக்குக் கால் உண்டா, மாமா?"

அவர் பார்வையைப் புதிருக்குத் திருப்பினார். அவள் பின்வாசல் வழியே போய்விட்டாள்; திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெரியவர் எழுந்து, கதவைச் சாத்தி மறுபடியும் தாழிட்டார்.

"அண்ணா," என்றது, இந்த முறை கூடத்துக்குள்ளிருந்து, "அடுத்ததை வாசிங்க."