பார்க்கப்படாதவை

வியாழனின் கானிமீட் நிலவில், பனிக்கு அடியில் இருந்த வெண்குடி என்ற குடியிருப்பில், காலையில் எழுந்ததும் பெரியவர்கள் எல்லோரும் முதலில் இடது கண்ணைக் கழற்றிக் கழுவுவார்கள். வெந்நீரில் ஒரு முக்கு, மெல்லிய துணியால் ஒரு துடைப்பு. மறுபடி குழியில் வைத்து அழுத்தினால் டிக்கென்று உட்கார்ந்துகொள்ளும். பல் துலக்குவதெல்லாம் அப்புறம்தான். அந்தக் கண்ணுக்கு விழிப்பதிவி என்று பெயர். பிடித்ததைப் பார்த்து இரண்டு முறை சிமிட்டினால் கண்டதும் கேட்டதும் பதிவாகி, குடியிருப்பின் கணினிக்குப் போய்ச் சேரும்.

கணினியின் பெயர் காப்பான். பூமியிலிருந்து முதல் கப்பலில் வந்த பழைய இயந்திரம். காற்றைச் சுத்தம் செய்வது, வெப்பத்தைப் பார்த்துக்கொள்வது, எல்லாருடைய பதிவுகளையும் பாதுகாப்பது என்று அத்தனையும் அதன் தலையில்தான். காப்பானின் கோப்புகளைக் கவனித்துக்கொண்டவள் மாதங்கி. பனிச்சுரங்க விபத்தில் கணவன் சிவநேசன் இறந்த பிறகு, அவள் வீட்டில் இருந்த நேரத்தைவிடக் கணினி அறையில் இருந்த நேரமே அதிகம்.

அந்த வாரம் எல்லாருக்கும் தலைவலி. கீழ்த்தளத்தில் இருந்த எஸ்தரின் கைக்குழந்தை பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கியது. காற்றுக்குழாய்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பழுது எதுவும் இல்லை. காப்பான்தான் தாமதித்தது. கட்டளை கொடுத்தால் வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் விசிறியைத் திருப்பியது.

மாதங்கி உள்ளே நுழைந்து பார்த்தாள். சேமிப்புக் கிடங்கு முக்கால்வாசி காலி. ஆனால் காப்பான் வேலை செய்யத் தேவையான நினைவகத்தில் ஊசி குத்த இடமில்லை. கிடங்குக்குப் போயிருக்க வேண்டிய பதிவுகள் எல்லாம் வாசலிலேயே குவிந்து கிடந்தன. காரணத்தைக் கண்டுபிடித்தபோது அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோப்பு முறையை எழுதியவர்கள் அதில் ஒரு விதி வைத்திருந்தார்கள். புதிய பதிவை, எடுத்தவர் ஒருமுறை பார்க்கும்வரை நினைவகத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும். பார்த்த பிறகே கிடங்குக்கு அனுப்ப வேண்டும். ஆசையாக எடுத்ததை ஒரு மனிதர் பார்க்காமலே விட்டுவிடுவார் என்று அந்த நல்லவர்களுக்குத் தோன்றவே இல்லை.

விதியை மாற்ற வேண்டுமானால் காப்பானை நிறுத்த வேண்டும். அது மீண்டும் எழுந்து மூச்சு விடுவதற்குள் மனிதர்களின் மூச்சு நின்றுவிடும். இன்னொரு வழி, பார்க்காதவற்றை அழித்துவிடுவது. அதற்கு உரியவர்களின் சம்மதம் வேண்டும்.

குடித்தலைவர் நல்லபெருமாள் தாமே வீடு வீடாகப் போய்க் கேட்டார். ஒருவரும் சம்மதிக்கவில்லை. பிறகு பார்ப்பதற்காகத்தான் எடுத்து வைத்திருக்கிறோம் என்றார்கள். எஸ்தர்கூட மறுத்துவிட்டாள்.

"இவன் பொறந்ததே அதுலதான் இருக்குங்கய்யா," என்றாள், மூச்சு வாங்கும் பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே. பார்த்தாயா என்று அவர் கேட்டதற்கு, நேரம் கிடைக்கவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

நல்லபெருமாள் சோர்ந்து திரும்பி வந்தார். யாராவது ஒருவர் தொடங்கி வைத்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று நினைத்த மாதங்கி, தான் பார்க்காத பதிவுகளை அழிக்க உட்கார்ந்தாள். அழிப்பதற்கு முன் ஒன்றே ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரு கிண்ணத்தில் ரசம். வெண்குடியின் விளக்கொளியில் முதன்முதலாகப் பழுத்த தக்காளியில் சிவநேசன் வைத்தது. ஆவி படமாக விழவேண்டும் என்று அவள் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் திருப்புகிறாள். படத்தின் ஓரத்தில் சிவநேசன் நிற்கிறான். கையில் கரண்டி. அவள் வாயில் வைத்து என்ன சொல்வாளோ என்று முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான். அவள் எதுவும் சொல்லவில்லை. அவன் கடைசியில் தானே ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு சரியாத்தான் இருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான்.

அன்று அவன் அங்கே நின்றதே அவளுக்கு நினைவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க," என்றாள் மாதங்கி, வெறும் அறையில். அழுது முடித்து நிமிர்ந்தபோது காப்பானின் நினைவகத்தில் ஒரு துளி இடம் காலியாகியிருந்தது.

அவள் நல்லபெருமாளிடம் ஓடினாள். எதையும் அழிக்க வேண்டாம், சுரங்கத்துக்கு விடுமுறை விடுங்கள், எல்லாரும் உட்கார்ந்து அவரவர் எடுத்ததைப் பார்க்கட்டும் என்றாள்.

அப்படியே நடந்தது. வீடுகளின் சுவர்களில் எல்லாம் படம் ஓடியது. முதலில் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தவர்கள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி ஒரே கல்யாணப் பந்தியைச் சேர்ந்து பார்த்தார்கள். எஸ்தர் தன் பிள்ளையின் முதல் அழுகையைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். மாலைக்குள் விசிறிகள் வேகமெடுத்தன. கீழ்த்தளம்வரை குளிர்ந்த காற்று இறங்கியது. பிள்ளை பால் குடித்து, தடையில்லாமல் மூச்சு விட்டுத் தூங்கினான்.

மறுநாள் மாதங்கிக்கு நன்றி சொல்லப் பொதுக்கூடத்தில் கூடினார்கள். எஸ்தர் அவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லாரும் கேட்டுக்கொண்டதால் மாதங்கியும் பேசினாள். நன்றி சொல்ல வேண்டியவள் தான்தான் என்றாள். இந்தக் கோளாறு வந்திராவிட்டால் சிவநேசனின் அந்த முகத்தைப் பார்த்தே இருக்க மாட்டேன் என்றாள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: எதிரில் இருப்பவரை முதலில் கண்ணாரப் பாருங்கள், பதிவு செய்வதெல்லாம் பிறகு இருக்கட்டும் என்றாள். கூடம் நெடுநேரம் கைதட்டியது.

அடுத்த நாள் காலை கணினி அறையில் காற்று கனத்திருந்தது. நினைவகம் மறுபடி நிறையத் தொடங்கியிருந்தது. மாதங்கி உள்ளே நுழைந்து பார்த்தாள். கூடத்தில் கேட்டிருந்த பெரியவர்கள் எத்தனை பேரோ அத்தனை பதிவுகள். எல்லாம் நேற்றைய கூட்டம். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

அவள் நல்லபெருமாளின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலுக்கே வந்து இரண்டு கைகளையும் கூப்பினார். வெண்குடியே உனக்குக் கடன்பட்டிருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் வலது கண் உண்மையாகவே கலங்கியது.

"நேத்து என்னமா பேசினே அம்மா! ஒரு வார்த்தை விடாம எடுத்து வச்சிருக்கேன்."

"நான் என்ன சொன்னேன் ஐயா?"

நல்லபெருமாள் கொஞ்சம் யோசித்தார்.

"இன்னும் பார்க்கலை," என்றார்.