குற்றவாளிகளுக்கான கருவி

செவ்வாய்க் கோளில், காற்றடைத்த கூரைக்குள் மக்கள் வாழும் மூன்றாம் கவிகையில் காற்றுக் கசிவு மழையைப் போல வாடிக்கையான சங்கதி. சங்கு ஊதும். ஆட்கள் பாதிச் சோற்றில் எழுந்து அடுத்த கூடத்துக்குப் போவார்கள்; ஓட்டையை அடைத்ததும் திரும்பி வந்து மீதியைச் சாப்பிடுவார்கள். காது கேளாதவர்கள் குடியிருந்த பன்னிரண்டாம் வரிசையில் மட்டும் சங்குக்குப் பதிலாகச் சிவப்பு விளக்குகள்.

மேற்பார்வையாளன் பரஞ்சோதி, மின்சாரம் வீணாகிறதென்று அந்த விளக்குகளை அணைத்து வைத்தான். நான்காம் நாள் கசிவு வந்தது. முத்துநாச்சி குழாய் பழுதுபார்க்கப் போயிருந்தாள். அவளைப் போலவே காது கேளாத தங்கை அல்லி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்; எழுந்திருக்கவே இல்லை.

கவிகையின் நீதிபதி ஒரு பொறி. மனுதாரரின் குரல் நடுக்கத்தை அளந்து மெய்யா பொய்யா என்று சொல்லிவிடும். அடுத்தவர் குரல் செல்லாது. முத்துநாச்சிக்கோ பேச்சு வராது. மனு வாங்கும் குமாஸ்தா பலகையில் எழுதிக் காட்டினார்: "எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்கு. குரல் இல்லாம பதிய முடியாது."

மூன்று வருடத்தில் பதினோரு முறை இதே பதில். கடைசி முறை திரும்பும்போது எதிரே வந்த பரஞ்சோதி, சௌக்கியமா என்பதுபோலத் தலையசைத்தான். குற்றம் செய்தவளையாவது ஏன் செய்தாய் என்று கேட்கத்தானே வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

மறுநாள் மதியம் அவன் வீட்டுக்குப் போய், அவன் கண்ணெதிரே எச்சரிக்கைச் சங்கின் கம்பியை வெட்டினாள். காற்றை வெளியேற்றும் திறப்பையும் திருகிவிடக் கை பரபரத்தது. செத்துப்போனால் இவனுக்கு எதுவும் உறைக்காதே என்று அடக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். கால்மணி நேரத்தில் காவலர்கள் வந்தார்கள்.

நீதிமன்றத்தில் அவள் எதிரே உலோகக் கைகள் கொண்ட ஒரு கருவி நின்றது. சைகையைப் பேச்சாக்கியது, பேச்சைச் சைகையாக்கியது. விரல் நடுக்கத்தை வைத்தே மெய்யையும் அளந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்று கைகளால் கேட்டாள்.

"கவிகை கட்டிய நாளிலிருந்தே இருக்கிறது. குற்றவாளிகளுக்கான கருவி. தன் தரப்பைச் சொல்லவிடாமல் யாரையும் தண்டிக்கக் கூடாதல்லவா?" என்றது நீதிப்பொறி.

முத்துநாச்சி கருவியின் அருகே நகர்ந்து கைகளை உயர்த்தினாள். பிறகு, கம்பியை வெட்டியது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். அல்லியைப் பற்றி, விளக்குகளைப் பற்றி, பதினோரு மனுக்களைப் பற்றிச் சொன்னாள். அத்தனையும் மெய் என்றது கருவி.

"எச்சரிக்கையைத் தெரிந்தே நிறுத்துவது கொலை முயற்சி. ஆறு ஆண்டு."

"உயிர் போயிருந்தா?"

"ஆயுள்தண்டனை."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

பொறி தன் பதிவேடுகளைத் துழாவியது. விளக்குகளை அணைத்த உத்தரவு பரஞ்சோதியின் பெயரில் அப்படியே கிடந்தது. காவலர்கள் அவன் நாற்காலியைச் சூழ்ந்தார்கள்.

"நான் சாட்சி சொல்லத்தாங்க வந்தேன்," என்றான் அவன்.

அவர்கள் இழுத்துப்போகும்போது அவன் ஏதோ கத்தினான். அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த வாய் திறந்து மூடுவதைக் கதவு சாத்தும்வரை பார்த்தாள். மூன்று வருடம் நெஞ்சில் கிடந்த கல் சற்றே புரண்டது. ஆறு ஆண்டு பெரிதாகத் தெரியவில்லை.

அந்த வாரமே பன்னிரண்டாம் வரிசைக்காரர்கள் நாற்பது பேர் நீதிமன்றத்துக் கண்ணாடிகளை உடைத்துவிட்டுக் கைதாக வரிசையில் நின்றார்கள். பதியப்படாத வழக்கு ஆளுக்கொன்று அவர்கள் கையில் இருந்தது.

ஆட்சிமன்றம் கலங்கிப்போய் அவசரமாகக் கூடியது. மாற்றுத்திறனாளிகளிடம் குற்ற மனப்பான்மை திடீரென்று ஏன் பெருகுகிறது என்று ஆராய ஐவர் குழு ஒன்றை அமைத்தது. சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் கருத்துகளைக் குரல்பதிவாக அனுப்பலாம் என்று குழு அறிவித்தது.