அலமாரிக்குப் பின்னால் இருந்த கறை

தாளை உரிக்க உரிக்கக் கறை மங்க வேண்டும். இது பெரிதாகிக்கொண்டே போனது.

பியோ மான்சிக் இருபது வருஷமாகக் கொரியாவின் இஞ்சியோன் நகரில், இடிக்கப்போகும் வீடுகளின் சுவர்த்தாளை உரிப்பவர். அந்தக் காலத்தில் அடித்தாளாகப் பழைய செய்தித்தாளைத்தான் மாவுப்பசையில் ஒட்டுவார்கள். அவர் சேகரிக்கும் பழைய சினிமா விளம்பரங்கள் கிடைப்பது அங்கேதான். இந்த அறையில், உட்கார்ந்தவர் தலை சாய்க்கும் உயரத்தில், ஓர் எண்ணெய்க் கறை. ஐந்து அடுக்கு உரித்தாயிற்று.

"இங்க சாஞ்சு உக்காந்தது யாரு, அக்கா?"

வீட்டுக்காரி ஓக்புன் கடைசி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். "யாரும் இல்லையே. அங்க அலமாரிதான இருந்துச்சு, நாப்பது வருஷமா! சீக்கிரம் முடிங்க, நாளைக்குக் காலைல இடிக்க வந்துருவாங்க. குப்பைக் காகிதத்துக்கு உசுர விடுற ஆள இப்பத்தான் பாக்குறேன்." சிரித்தபடி மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

ஆறாவது அடுக்கில் அவர் தேடிய நாயகி இருந்தாள். ஒரு பிரதிகூட மிஞ்சாத படம். விளம்பரத்தின் கீழ்ப்பாதி பதினொரு வருஷமாக அவர் வீட்டில் காத்திருக்கிறது. மேல்பாதி இதோ, கறையின் நடுவில் அந்த முகம்.

நனைத்த பஞ்சால் மேல் ஓரத்தை ஒற்றினார். காய்ந்து பொடிந்திருக்க வேண்டிய பசை வெதுவெதுப்பாக, சளி போல நூல்விட்டு விரலில் தொங்கியது. புளித்த மாவும் எண்ணெய்ச் சிக்குத் தலையும் பல்தேய்க்காத வாயும் சேர்ந்த நாற்றம். கையைக் கால்சட்டையில் துடைத்தார். அந்த வழவழப்பு போகவில்லை. விட்டுவிடலாமா? நாளைக்கு இந்தச் சுவரே இருக்காது.

மறுபடி ஒற்றினார்.

அவர் நனைத்தது மேல் ஓரத்தை மட்டும்தான். ஆனால் நாயகியின் உதட்டில் ஈரம் பூத்தது. வட்டமாக. அது நகர்ந்தது. கன்னத்துக்கு. காதோரத்துக்கு. கூடவே ஒரு சப்புச் சத்தம்.

சுவருக்கு அப்பால் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டைப் போன வாரமே இடித்துவிட்டார்கள்.

உள்ளேயிருந்து நக்குகிறது. தாள் கிழியாமல். பொறுமையாக. அவரைப் போலவே.

ஓடியிருக்க வேண்டும். விரல்கள் ஓரத்தை விடவில்லை. இன்னும் ஓர் அங்குலம். நெற்றி வந்தது. கண் வந்தது. அடியில் சுவர் இல்லை. அச்சு மை அப்பிய, தடித்த, சாம்பல் நிற நாக்கு.

அது தாளை விட்டது. அவர் ஆள்காட்டி விரலுக்கு வந்தது. நகத்தோரத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல, நனைத்தது.

தோலின் ஓரம் எழும்பியது.