போன வெட்கம் போன இடம்

காது சிவந்தவரே குற்றவாளி என்று சட்டம் வந்த பிறகு, திருநெல்வேலியில் வக்கீல்களுக்கு வேலை குறைந்துபோயிற்று. வாதியையும் பிரதிவாதியையும் எதிரெதிரே உட்கார வைப்பார்கள். ஊரில் எல்லார் காதுமடலிலும் தைத்திருக்கும் கடுகளவு நாணமானி, உள்ளே ஊறும் வெட்கத்தை அளந்து எண்ணாகக் காட்டும். மடலும் அதற்கேற்பச் சிவக்கும். அதிகம் சிவந்தவர் தோற்றார். நீதிபதி மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டுக்குப் போய்விடுவார்.

அப்படிப்பட்ட ஊரில்தான் கோமதிநாயகம் வெட்கத்தைப் போக்கும் மோதிரத்தைக் கண்டுபிடித்தான். நாணநீக்கி என்று பெயர் வைத்தான். விரலில் போட்டதும் காது நறுக்கிய வெள்ளரிக்காய் மாதிரிக் குளிர்ந்துவிடும்.

சோதனையை நடத்தியவள் அவனுடைய அக்கா செண்பகவல்லி, புள்ளியியல்காரி. அவள் கையெழுத்து இல்லாமல் உரிமக்குழு மோதிரத்தை விற்க விடாது. கணவன் மனைவியராக அவள் ஆட்களை வரவழைத்தாள். ஒவ்வொருவரும் தாம் செய்த கேவலமான காரியம் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரே ஜோடியைத் திரும்பத் திரும்ப அளந்தாள்: இருவரும் வெறுங்கையாக, கணவன் மட்டும் மோதிரம் போட்டு, மனைவி மட்டும் போட்டு, இருவருமே போட்டு. ஆளுக்கு ஆள் காதின் சுபாவம் வேறு; ஒரே காதைப் பலமுறை அளந்தால் அந்த வேறுபாடு கணக்கைக் கெடுக்காது.

மாமனாரின் பல்செட்டை ஒளித்து வைத்துவிட்டுக் கல்யாண விருந்துக்கு அழைத்துப்போன மருமகன் வந்தார். பக்கத்து வீட்டு நாய்க்குப் பேதி மாத்திரை கொடுத்த அம்மாள் வந்தார். எல்லாவற்றையும் செண்பகவல்லி கூடவே உட்கார்ந்து கேட்டாள்.

அந்த நாட்களில் அவளுக்கு என்னவோ ஆயிற்று. பால்காரரின் முகத்தைப் பார்க்கக் கூசியது. செய்யாத தப்புக்குக் கணவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவரும் எதற்கென்று விசாரிக்காமல் பெரிய மனசு பண்ணி மன்னித்தார். அடுத்தவர் அந்தரங்கத்தைக் கேட்கிற தொழிலில் கூச்சம் வரத்தானே செய்யும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

தம்பி சராசரியை மட்டும் பார்த்தான். மோதிரம் இல்லாவிட்டால் அறுபது, போட்டால் பூஜ்யம். அவனுக்கு அது போதும். அக்கா மாறுபாட்டுப் பகுப்பாய்வு செய்து இடைவினையைத் தேடினாள். அதாவது, ஒருவருடைய மோதிரம் செய்யும் வேலை, எதிரே இருப்பவர் போட்டிருக்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்து மாறுகிறதா என்று பார்த்தாள்.

மாறியது. அந்த அறுபதில் ஒரு மனிதரும் இல்லை. இருவரும் வெறுங்கையாக இருந்தால் ஆளுக்கு நாற்பது. ஒருவர் மட்டும் போட்டால் அவருக்குப் பூஜ்யம், மற்றவருக்கு எண்பது. வெட்கம் போகவில்லை, எதிர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் இருவருமே போட்டபோது அந்த எண்பது எங்கே போயிற்று?

அறையில் மோதிரம் இல்லாத காது இன்னும் ஒன்று இருந்தது. தன் நாணமானியின் பதிவைப் பார்த்தாள். பல்செட்டும் நாயும் அங்கே வந்து சேர்ந்திருந்தன.

தம்பியைத் தேடிப் போனாள். அவன் மோதிரத்தோடுதான் இருந்தான்.

“ஏல நாயகம், இது வெட்கத்தப் போக்கல. பக்கத்துல போடாம இருக்கவன் தலையில கொண்டு எறக்குது.”

“எறக்கட்டும். அவனும் ஒண்ணு வாங்கிப் போடுதான்.”

“எல்லாரும் வாங்கிட்டா?”

“காசில்லாதவன் எவனாவது இருப்பாம்லா. ஒன் காதப் பாருக்கா. தப்பு யாரு பேர்லன்னு அதுவே சொல்லுது.”

அவன் வெட்கப்பட்டிருக்க வேண்டிய பேச்சு. சுட்டது அவள் காது. கூடப் பிறந்தவன் முன்னுக்கு வருவது பொறுக்காத பாவி என்று தன்னையே நொந்துகொண்டு வெளியே வந்தாள். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. உரிமக்குழுவிடமே நேரில் சொல்லிவிடுவது என்று போனாள்.

அங்கே உறுப்பினர்கள் எல்லார் விரலிலும் நாணநீக்கி மின்னியது. தம்பியின் அன்பளிப்பு. வாசலோரம் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த மரியபுஷ்பத்துக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை.

குழுவின் எதிரே போய் நின்று, “இடைவினை” என்று செண்பகவல்லி ஆரம்பித்தாள். அன்பளிப்பு வாங்கியவர்களின் வெட்கம் முழுவதும் அவள் மேல் வந்து விழுந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. நாணமானி எண் காட்டுவதையே நிறுத்திவிட்டது. எல்லாரும் மன்னிக்க வேண்டும் என்று கும்பிட்டாள்.

தலைவர் நல்ல மனிதர். “காது இப்பிடிச் செவந்திருந்தா நீங்க சொல்லுதத எப்பிடிம்மா நம்ப? இந்தாங்க, இதப் போட்டுக்கிட்டு நிதானமாச் சொல்லுங்க” என்று ஒரு மோதிரத்தை நீட்டினார்.

வாய் திறந்தால் போதும் என்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். காது குளிர்ந்தது. கணக்கு முழுவதும் மனதில் தெளிவாக நின்றது. ஓர் எண் கூடப் பிசகவில்லை. எல்லாம் உண்மைதான். அதைச் சொல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப்போகும் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

“ஒண்ணுமில்ல சார். மோதிரம் நல்லாத்தான் வேல செய்யுது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

வாசலோரம் மரியபுஷ்பம் பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள். அவள் காது செக்கச் செவேலென்று இருந்தது. அழுதபடி எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். எதற்கம்மா என்றார் தலைவர்.

“தெரியல சார். ஆனா தப்பு எம்மேலதான்.”

அதையும் குறிப்பில் சேர்த்துவிடும்படி தலைவர் சொன்னார். உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓர் எழுத்து விடாமல் எழுதினாள்.