சாய்ந்த முத்திரை

ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. ஈரத்தில் கட்டி தட்டிப்போன சர்க்கரையை டப்பாவோடு யாரோ மெல்லக் குலுக்குவதுபோல, ஒவ்வொரு வளைவிலும், மழைச் சத்தத்துக்கு அடியில். கனாயேக்கு அது கேட்கவில்லை. பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். பக்கத்தில் இருந்த அப்பா நாகசேக்குத்தான் ஒவ்வொன்றும் கேட்டது.

மூன்று வாரமாக ஒசாகாவில் விடாத மழை. வீட்டுத் தரைப்பாயில் பூஞ்சை வாடை, துவைத்த சட்டையில் பூஞ்சை வாடை, இப்போது காருக்குள்ளும் அதே வாடை. ஈரம் எதற்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? மோதினால் ஸ்டியரிங்கிலிருந்து விரியும் ஏர்பேக், அந்தக் காற்றுப்பையை ஊத வைக்கும் வெடிமருந்தைச் சோதித்தவரே அவர்தான். ஈர அறையில் வைத்த இருபது பைகளில் மூன்று, மருந்து அடைத்த இரும்புக் கூட்டையே பிய்த்துக்கொண்டு வெடித்தன.

அன்று மேலாளர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "நாகசே-சான், கொஞ்சம் சரிக்கட்டிடுங்களேன்" என்றார். மூன்று பூஜ்யமானது. அறிக்கையில் இடப்பக்கம், கையெழுத்துக்குப் பதிலாக, மேலாளரின் சிவப்பு வட்ட முத்திரை. அதற்கு வலப்பக்கம் இவருடையது, அலுவலக வழக்கப்படி இடப்பக்கமாகச் சற்றே சாய்ந்து, பெரியவருக்குத் தலைவணங்குவதுபோல. பழுதென்று கம்பெனி திரும்ப அழைத்த வண்டிகளின் பட்டியலில் இந்தக் கார் வராமல் போனதும் அந்தப் பாழாய்ப்போன முத்திரையால்தான்.

காலையில் கண் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போகலாம் என்று கெஞ்சினார். சாவியை அரிசி டப்பாவில் ஒளித்தார். கனாயே தேடி எடுத்து, "சின்னப் புள்ளையாப்பா நீங்க?" என்று சிரித்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அதற்கப்புறம் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

சர்ர்ர்.

சர்ர்ர்.

இப்போது நேராகப் போகும்போதும் கேட்டது.

"கனாயே, வண்டிய ஓரமா நிறுத்தும்மா."

"ஏம்ப்பா, வயித்த ஏதும் பண்ணுதா?"

"நிறுத்துடா கண்ணு. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்தச் சோதனையில..."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். சாலையை விட்டு, அவரை.

முன்னால் போன பால் வண்டி சட்டென்று நின்றது.

மோதல் பெரிதில்லை. பால் வண்டியில் ஒரு பெட்டிகூடச் சரியவில்லை. வைப்பர் ஓடிக்கொண்டேயிருந்தது. நாகசேக்கு ஒரு கீறலும் இல்லை.

சத்தம் நின்றிருந்தது.

காதுக்குள் ஊய் என்றது. வெடிமருந்துப் புகை. மகளைக் கூப்பிட்டார். குரல் வெளியே வந்ததா தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவள் கழுத்துப் பக்கம் பார்க்காதே, பார்க்காதே என்று கைகள் தாமாகவே கண்களை மூடின. விரல்களுக்கு இடையில் அது தெரிந்தது.

வெள்ளைப் பை. வலப்பக்கத்து இருக்கையின் முன்னால், துவண்டு, காற்று இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவே சிவப்பாக ஒரு வட்டம், ஈரமாக. பை இறங்க இறங்க அந்த வட்டம் மெல்லச் சாய்ந்தது. இடப்பக்கமாக. அவரைப் பார்த்து, மரியாதையாக, தலைவணங்கியது.