விசில் வந்த பக்கம்

டர்போ விசிலடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதைக் கேட்கத்தான் காலையிலிருந்து கையெல்லாம் கிரீஸும் கரியுமாகக் குனிந்து கிடந்தான். மச்சான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதிக்க, பழைய டீசல் இன்ஜின் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது. தகரக் கூரையின் ஆணிகள் அதிர்ந்தன, அந்த இரைச்சலுக்கு மேலே ஊசி மாதிரி ஒரு சத்தம் கிளம்பி, மெல்லியதாக, சீராக, ஏறிக்கொண்டே போனது. நல்ல விசில். பானெட்டுக்குள் தலையை விட்டு ரசித்துக்கொண்டிருந்தவன் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான். விசில் முன்னாலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

பின்னால் இருந்தது சமையலறை.

வீட்டின் முன்பக்கம்தான் பட்டறை. நடுவில் ஒரு கதவு, ஒரு படி. கதவு திறந்திருந்தது. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக விழ, மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

தகரத்தில் பட்டு எதிரொலிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"எப்படி மாமா?" மச்சான் ஜன்னலில் தலையை நீட்டினான். "கிழட்டு வண்டி என்னமாப் பாடுது பாத்தீங்களா?"

"பாடினது போதும். காலை எடு."

விசில் இறங்கியது. சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றது.

கார் மாமனாருடையது. அவர் போன பிறகு மச்சானுக்கு வந்தது. சின்ன வயதில் அக்காவும் தம்பியும் ஒவ்வொரு மேட்டிலும் இறங்கித் தள்ளிய கார். ஏதாவது ஒரு மேட்டில் ஒரே ஒரு தடவை ஒரு லாரியை முந்திவிட வேண்டும், மச்சானுக்கு வேறு ஆசை கிடையாது. பிரித்துப் போட்ட வேன் ஒன்றிலிருந்து டர்போவை அவனே தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்தான். நத்தைக் கூடு மாதிரி இரண்டு இரும்புக் கூடுகள். நடுவில் ஒரு தண்டு. தண்டின் இரண்டு முனையிலும் சின்னச் சக்கரம். இன்ஜின் கக்கும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். மறுமுனைச் சக்கரம் காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். வெளியே விடும் மூச்சை வைத்தே உள்ளே இழுக்கும் மூச்சைப் பெரிதாக்குகிற வேலை.

பழைய டர்போ கைக்கு வந்தால் முதலில் ஊதிப் பார்ப்பது வழக்கம், சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று. காலையில் அவனுக்கு ஜலதோஷம். நெஞ்சு அடைத்துக் கிடந்தது. டீ கொண்டு வந்த மனைவியிடம் நீட்டினான்.

"நீ ஊது."

"நான் எதுக்கு? எனக்கு என்ன சம்பளமா தர்றீங்க?"

"ஊதுடி. பல்லு படாம ஊது."

"தள்ளி நில்லுங்க மாமா, அக்கா ஊதினா கூரை பறந்துடும்" என்றான் மச்சான்.

தம்பியை முறைத்துவிட்டு வாயை வைத்து ஊதினாள். சக்கரம் சுற்றியது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் திரும்பி வந்து பார்த்தபோதும் அது சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். நல்ல பேரிங், என்றான் அவன்.

இப்போது இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. டர்போ போட்ட வண்டியைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. சூடு ஆற வேண்டும். கையைத் துடைத்தபடி நின்றான். சூடான இரும்பு வாசனை, டீசல் வாசனை, அடுப்பில் எதுவோ அடிப்பிடிக்கும் வாசனை.

"என்னங்க." மனைவி கதவருகே வந்து நின்றிருந்தாள். ஈரக் கை நெஞ்சின் மேல் இருந்தது. "மூச்சு ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னா?"

"நான் இழுக்கல. அதுவா போய்ட்டு வருது."

அவள் நெஞ்சைப் பார்த்தான். ஏறி இறங்கியது. இன்ஜினுக்கு ஒரு சின்னக் குலுக்கல் உண்டு, நின்று விடுமோ என்பதுபோல ஒரு தயக்கம். அது வரும்போதெல்லாம் அவள் நெஞ்சும் தயங்கியது.

"புகை உள்ளே வந்திருக்கும்" என்றான். "மச்சான், நிறுத்து."

இன்ஜின் நின்றது.

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. சொல் வரவில்லை. மூச்சு வரவில்லை. கண்கள் மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டே பெரிதாயின. கதவைப் பிடித்தாள். சரிந்து படியில் உட்கார்ந்தாள்.

முதுகில் தட்டினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வாயோடு வாய் வைத்து ஊதினான். காற்று உள்ளே போகவில்லை. சுவரில் ஊதுவதுபோல இருந்தது. உதட்டோரம் நீலம் பரவத் தொடங்கியது.

"தூக்குங்க மாமா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்!" மச்சான் சாவியைத் திருப்பினான்.

இன்ஜின் பிடித்தது. அவள் தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம். நெஞ்சு எழும்பியது.

"ஐயோ, சக்கரம் அந்தரத்துல நிக்குது!" புகைக்குழாய் வேலைக்காக வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தார்கள். மச்சான் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். "உங்க வண்டிய எடுங்க மாமா!"

நெஞ்சு நின்றது.

"போடு" என்றான் அவன். "போடுடா. சாவியப் போடுடா!"

இன்ஜின் ஓடியது. அவள் மூச்சு விட்டாள்.

மச்சான் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக அக்காவையே பார்த்தான். வேலை தெரிந்தவன் மாமாதான், மாமா சொல்லட்டும் என்பதுபோல. மாமாவின் கை போனைத் தேடியது.

போன் செய்தான். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். நோயாளிக்கு மூச்சு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றான்.

"டேங்க்ல டீசல் எவ்வளவு இருக்கு?"

"முள்ளு வேலை செய்யாது மாமா. வண்டியக் குலுக்கித்தான் பாப்போம்."

இருந்த கேனை முழுக்க ஊற்றினான். தண்ணீர் பார்த்தான். ஃபேன் பெல்ட்டைப் பார்த்தான். பார்க்க முடிந்ததை எல்லாம் பார்த்தான். திரும்பி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். இந்த இன்ஜினை எத்தனையோ முறை பிரித்திருக்கிறான், அதன் ஒவ்வொரு போல்ட்டும் தெரியும், இப்போது அது ஒரு தடவை இருமினால் செத்துவிடுவான் போலிருந்தது.

"பயப்படா" என்றாள் அவள். பாதியில் மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தபோது மீதியைச் சொன்னாள். "தீங்க."

சிரிக்கப் பார்த்தாள்.

அப்போதுதான் நாற்றம் வந்தது. டீசல் இல்லை. எண்ணெய். எரிகிற இன்ஜின் ஆயில். வண்டியின் பின்னால் வெயிலில் புகை திரண்டது. கறுப்பாக இல்லை. நீலமாக இருந்தது.

அவன் எழுந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

டர்போவுக்குள் ஆயிலைத் தடுக்கும் சீல் விட்டுவிட்டது. ஆயில் கசிந்து காற்றோடு உள்ளே போகிறது. இனி இன்ஜினுக்கு டீசல் வேண்டாம். தன் எண்ணெயைத் தானே குடித்து ஓடும். ஓட ஓட வேகம் ஏறும். ஏறினால் இன்னும் குடிக்கும். பிஸ்டன் ராடு உடைந்து, இரும்பைப் பொத்துக்கொண்டு வெளியே வரும்வரை நிற்காது.

சத்தம் ஏறியது.

"மச்சான், காலை எடு."

"நான் மிதிக்கவே இல்ல மாமா."

ஏறியது. விசில் கூர்மையானது. அவள் நெஞ்சு வேகமெடுத்தது.

"நிக்கமாட்டேங்குது மாமா!" மச்சான் அலறினான். புகைக்குள் அவன் கை மட்டும் தெரிந்தது. "சாவி என் கையில இருக்கு! கழட்டிட்டேன்! ஓடுது!"

இப்படித் தறிகெட்டு ஓடுகிற இன்ஜினை நிறுத்த ஒரே வழிதான் உண்டு. காற்றை அடைக்க வேண்டும். காற்று நுழையும் குழாயில் பலகையை வைத்து அழுத்த வேண்டும். எந்த டீசல் மெக்கானிக்குக்கும் தெரியும்.

அடைத்தால் நிற்கும். நின்றால் அவள்?

விட்டால் உடையும். உடைந்தால் அவள்?

அவள் விலா எலும்புகள் புடவைக்கு மேலே தெரிந்தன. இப்போது ஏறி இறங்கவில்லை. நடுங்கின.

பாதி அடைக்கலாம். பாதி மட்டும். வேகம் குறைந்தால் போதும். ஆம்புலன்ஸ் வரும்வரை. கிடைத்த பலகையை எடுத்தான். புகை கண்ணை எரித்தது. தடவிக் குழாயின் வாயைக் கண்டுபிடித்தான். பாதி வைத்தான்.

வேகம் குறையவில்லை.

முழுக்க வைத்தான். அழுத்தினான்.

குறையவில்லை.

பலகையை எடுத்தான். விரல்களைக் குழாயின் வாயருகே கொண்டுபோனான். இந்த வேகத்தில் கையையே பிய்த்து இழுக்க வேண்டும்.

இழுக்கவில்லை. சின்னக் காற்றுகூட இல்லை.

இன்ஜின் அலறிக்கொண்டிருந்தது. இந்த வழியாக எதுவும் உள்ளே போகவில்லை.

திரும்பினான்.

அவள் படியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய், அவ்வளவு பெரிதாக ஒரு வாய் திறக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பட்டறையின் நீலப் புகை எல்லாம் ஒரு கயிறாக முறுக்கிக்கொண்டு அதற்குள் போய்க்கொண்டிருந்தது. வெளியே வரவில்லை.

"ஏய்" என்றான். "ஏய், இங்க பாரு."

கண்கள் அவன் பக்கம் திரும்பின. அவள்தான். அவனைத் தெரிந்துதான் பார்த்தாள்.

கன்னத்தைத் தொடக் கையை நீட்டினான். கை கன்னத்துக்குப் போகவில்லை. இழுபட்டது. உள்ளங்கை அவள் வாயில் போய் அறைந்து ஒட்டிக்கொண்டது.

இன்ஜின் திணறியது.

"இறங்குது!" புகைக்குள்ளிருந்து மச்சானின் குரல். அழுகையும் சிரிப்புமாக. "இறங்குது மாமா! அடைச்சிட்டீங்களா? அப்படியே பிடிங்க!"

கையை இழுத்தான். வரவில்லை. காலைப் படியில் ஊன்றி இழுத்தான். அவள் தலையும் சேர்ந்து வந்தது.

"விட்டுடாதீங்க மாமா! இன்னும் கொஞ்சம்தான்!"

அவள் இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். அவனும் இழுத்தான். இருவரும் சேர்ந்து. இன்ஜின் மெல்ல மெல்ல இறங்கியது. குலுங்கியது. தயங்கியது.

"நல்லா அமுக்குங்க!"

அவள் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவன் கை வரவில்லை.