நாலாம் மாடியிலிருந்து இரண்டு தட்டு

வீட்டில் சத்தமே இல்லாதபோது, சத்தம் போடாதே என்று யாரோ குழாயைத் தட்டினார்கள்.

நோன்னா பீட்ரூட் சீவிக்கொண்டிருந்தாள். ஏழு வயது ரோதிக் சமையலறை மேசையில் குனிந்து, விழுந்துபோன முன்பல்லின் சந்து வழியாக நாக்கை நீட்டியபடி, ஒரே எழுத்தை வரிசை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தான். அடுப்பில் எலும்புச் சாறு மெல்லக் கொதிக்கும் சத்தமும், மூடியோரம் வழிந்த துளி தீயில் விழுந்து சீறும் சத்தமும் தவிர அந்த ஐந்தாம் மாடி வீட்டில் வேறெதுவும் கேட்கவில்லை. மாலை மணி ஐந்துதான். அதற்குள் ஓம்ஸ்க் நகரம் முடிந்து வெறும் பனிவயல் தொடங்கும் இடம் வரை இருட்டிவிட்டது. எதிரே இதே ஒன்பது மாடி, இதே சிமெண்ட் பலகைச் சுவர், இதே சமையலறைகளில் இதே மஞ்சள் விளக்கு.

டக். டக்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா," என்றான் ரோதிக், தலை நிமிராமல்.

அந்தக் கட்டடத்தில் யாரும் யார் வீட்டுக் கதவுக்கும் போய்ச் சண்டை போடுவதில்லை. அதற்குத்தான் குழாய் இருக்கிறதே. குளிரில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் அடியிலிருந்து உச்சி வரை ஒன்பது சமையலறைகளையும் துளைத்துக்கொண்டு போகிறது. எந்த வீட்டிலாவது குழந்தை குதித்தாலோ, எவனாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரில் துளை போட்டாலோ, கையில் கிடைத்த ஸ்பூனால் ஜன்னலுக்குக் கீழே அந்தக் குழாயோடு இணைந்த இரும்பு ரேடியேட்டரில் நாலு போடு போட்டால் போதும், ஒன்பது வீட்டுக்கும் சேதி போய்விடும். முகம் பார்க்காமல் திட்டுவதில் ஒரு வசதி உண்டு, மறுநாள் லிஃப்டில் சிரித்துக்கொள்ளலாம். நோன்னாவும் அப்படித் திட்டியவள்தான், இறைச்சி தட்டும் சுத்தியலால். கடைசியாகத் திட்டிய நாளுக்குப் பிறகு மட்டும் அந்தச் சுத்தியலை அவள் குழாய்ப் பக்கம் கொண்டுபோனதில்லை.

மறுநாளும் அதே நேரம், அதே இரண்டு தட்டு. மூன்றாம் நாள் கடையிலிருந்து திரும்பும்போது, ஆறாம் மாடி ஃபைனா லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தாள். கையில் முட்டைக்கோஸ், தலையில் கரையாத பனி.

"அக்கா, சாயங்காலம் குழாயத் தட்டுறது நீங்களா? எம் பையன் வாயத் திறக்காம எழுதிட்டிருக்கான், அதுக்குமா?"

"நானா? நீதான் தட்டுறன்னு ரெண்டு நாளா உன்னத் திட்டிட்டிருக்கேன்டி! புருஷன் ஊர்ல இல்லன்னா இவளுக்கு என்ன வந்துச்சுன்னு."

நோன்னாவின் கணவன் வதீம் வடக்கே எண்ணெய் வயலில் வேலை பார்த்தான். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. இது அங்கே இருக்கும் மாதம்.

"நான் தட்டலக்கா."

"அப்பக் கீழருந்துதான்," என்ற ஃபைனா, சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தவள்போல முட்டைக்கோஸைக் கை மாற்றிக்கொண்டாள். கீழே நாலாம் மாடி. லூகிச் கிழவரின் வீடு. ஒரு மாதத்துக்கு மேலாகப் பூட்டி, கதவுக்கும் நிலைக்கும் குறுக்காக ஊதா முத்திரையோடு போலீஸ் ஒட்டிய காகிதப் பட்டையுடன் கிடக்கும் வீடு.

லிஃப்ட் வந்தது. ஏறினார்கள். ஃபைனா பொத்தானைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நாளைக்கு அவருக்கு நாப்பதாவது நாள், ஆத்மா வீட்ட விட்டுப் போற நாள். ஒரு கிளாஸ் வோட்கா, மேல ஒரு துண்டு ரொட்டி. அத வைக்கக்கூட நாதியில்ல பாரு, பாவம்."

"நான் வைக்கிறேன்க்கா."

"வை. ஆனா வாசப்படிக்கு இந்தப் பக்கமே வை. வாசப்படியத் தாண்டி எதையும் குடுக்காத, எதையும் வாங்காத. தெரியும்ல?"

"தெரியாம? நான் என்ன அமெரிக்காவுலருந்தா வந்தேன்?"

ஃபைனா சிரிக்கவில்லை.

அன்று இரவு நோன்னாவுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அக்டோபர் மாலையை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அது ஒரே மாதிரிதான் ஓடியது. வேலையிலிருந்து தலைவலியோடு வந்திருந்தாள். ரோதிக் வீட்டு நடைவழியில், காலால் தள்ளும் பொம்மை ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் கீழிருந்து தட்டும் சத்தம் ஆரம்பித்தது. ஸ்கூட்டரைப் பிடுங்கி வைத்தாள். தட்டு நிற்கவில்லை. இரண்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு. "தாத்தா கூப்பிடுறாரும்மா," என்றான் ரோதிக். "கூப்பிடல, உன்னத் திட்டுறார். உக்காரு." அரை மணி நேரம் ஆகியும் ஓயவில்லை. ஏழாம் மாடிக்காரன் பொறுமையிழந்து பதிலுக்கு ஓங்கித் தட்டினான், ஃபைனா தட்டினாள், ஒன்பதாம் மாடியும் சேர்ந்துகொண்டது. நோன்னா சுத்தியலை எடுத்து, கை வலிக்கும் வரை போட்டாள். எட்டு மணிக்குக் கீழிருந்து வந்த சத்தம் நின்றது. "அப்பாடா," என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த 'அப்பாடா'வை அவளால் திரும்ப விழுங்க முடியவில்லை.

மூன்று நாள் கழித்துக் கதவை உடைத்தார்கள். சாட்சிக்கு ஃபைனாவைத்தான் கூப்பிட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்து ரேடியேட்டருக்கு அடியில் கிடந்தாராம், கையில் வளைந்துபோன சூப் ஸ்பூன். இரும்பில் தரையோடு தரையாக ஒரு சாண் அகலத்துக்குப் பெயிண்ட் உதிர்ந்து போயிருந்ததாம். படுத்துக் கிடப்பவனின் கை எட்டும் உயரம்.

காலையில் கஞ்சியைக் கிளறிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோல, மகனிடம் கேட்டாள்.

"தாத்தா கூப்பிடுறார்னு அன்னைக்கு எப்படிடா சொன்ன?"

"ரெண்டு தட்டுனா 'வா'ம்மா. நீ வேலைக்குப் போனதும் ரெண்டு தட்டுவார். நான் ஒண்ணு தட்டுவேன். ஒண்ணுன்னா 'வரேன்'. அப்புறம் போயி ஜாம் வச்சு ரொட்டி தின்னுட்டு வருவேன்." தட்டில் வெண்ணெய் உருகுவதைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டான். "சொன்னா நீ திட்டுவ."

அவள் கரண்டியைக் கஞ்சியிலேயே விட்டுவிட்டாள். அடப்பாவி, இந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. கட்டடத்திலேயே ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கிறது, அவன் வாயையும் அவள் அடைத்துவிட்டாள்.

"இப்ப மூணு நாளா யாரோ தட்டுறாங்களே... நீ பதிலுக்குத் தட்டுனியா?"

ரோதிக் இல்லையென்று தலையாட்டினான். "உன்னத்தான் கேக்கணும்னு இருந்தேன். தட்டட்டுமா?"

"தொடாத. அந்தக் குழாய்ப் பக்கமே போகாத. சத்தியம் பண்ணு."

பண்ணினான்.

மாலை நாலரைக்கு அவள் கண்ணாடி டம்ளரில் வோட்கா ஊற்றி, மேலே ஒரு துண்டு கறுப்பு ரொட்டி வைத்தாள். மகனை மேசையில் உட்கார வைத்து, நோட்டைப் பிரித்துக் கொடுத்தாள். "மூணு நிமிஷம்." வெளியே வந்து கதவைப் பூட்டினாள், சாவியை இரண்டு சுற்று. கைப்பிடியை இழுத்தும் பார்த்தாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, வோட்கா தளும்பாமல் ஒவ்வொரு படியாக இறங்கினாள். படிக்கட்டில் பூனை மூத்திரமும் வேகவைத்த கோஸும் குப்பைக் குழியின் புளித்த வாடையும் கலந்து அடித்தன. அதற்கடியில் வேறொரு வாடை, சூடேறிய பெயிண்ட், லேசாக. நாலாம் மாடி விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. காகிதப் பட்டை கிழியாமல் இருந்தது. ஊதா முத்திரை அப்படியே.

வாசற்படிக்கு இந்தப் பக்கம் டம்ளரை வைத்தாள். மன்னிச்சுக்கோங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

கதவுக்குப் பின்னால், தரைக்கு அருகில்: டக். டக்.

அவள் அசையவில்லை. ரொட்டியின் மேல் விளக்கு அணைந்தது, எரிந்தது.

மேலே. அவள் வீட்டில். ஒரே ஒரு தட்டு.

ஓடினாள். இரண்டு படி, மூன்று படி. சாவி துளையில் நுழையவில்லை. நுழைந்தது. இரண்டு சுற்று. பூட்டு அவள் பூட்டியபடியேதான் இருந்தது.

"ரோதிக்!"

அடுப்பில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. நோட்டு விரிந்து கிடந்தது, கடைசி வரியில் பாதி எழுத்து. நாற்காலி பின்னால் தள்ளியிருந்தது. கட்டிலுக்கடியில் பார்த்தாள். அலமாரி. குளியலறை. ஜன்னல் சந்துகளில் குளிருக்காக அவளே ஒட்டிய காகிதம் ஓரம்கூடப் பிரியவில்லை. பால்கனிக் கதவும் அப்படியே. ரேடியேட்டரின் காலடியில் அவனுடைய செருப்பு ஒன்று கிடந்தது, நுனி குழாயைப் பார்த்து.

ஒன்றுதான் கிடந்தது.

மறுபடி கீழே. காகிதப் பட்டை கிழியவில்லை. டம்ளர் காலி. ரொட்டி தரையில் கிடந்தது, ஓரத்தில் ஒரு சின்னக் கடி. கடியின் நடுவில், பல் படாத இடத்தில், ரொட்டி மெல்லிய கோடாக நின்றது.

முத்திரையைக் கிழித்தாள். இரும்புக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். தோளால் இடித்தாள். "ரோதிக்! கண்ணு! அம்மாடா!" உள்ளே ஸ்பூன் தட்டில் படும் சத்தம் கேட்டது. நாற்காலி நகரும் சத்தம். யாரும் கதவுப் பக்கம் வரவில்லை.

எதிர் வீட்டுக் கதவை அடித்தாள். பக்கத்து வீட்டை அடித்தாள். கதவுகளின் கண் துளைகளில் வெளிச்சம் மறைந்தது, யாரோ வந்து நின்று பார்த்தார்கள், மறுபடி வெளிச்சம் வந்தது. திறக்கவில்லை. ஆறாம் மாடி வரை ஓடி ஃபைனாவின் கதவைத் தட்டினாள். உள்ளே தொலைக்காட்சி அலறியது. போலீஸுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் முகவரியை இரண்டு முறை கேட்டுவிட்டு, வருவாங்க, காத்திருங்க என்றாள். வதீமின் போன் தொடர்புக்கு வெளியே.

எல்லார் வீட்டுக்குள்ளும் போகிற வழி ஒன்றுதான் இருந்தது.

சமையலறைக்கு வந்து சுத்தியலை எடுத்து ரேடியேட்டரில் அடித்தாள். வாங்க. யாராவது வாங்க. கதவ உடைங்க. எம் பிள்ள உள்ள இருக்கான். ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு சொல். பெயிண்ட் சில்லு சில்லாகத் தெறித்தது. அடித்தாள். அடித்தாள்.

ஏழாம் மாடி பதில் சொன்னது. கோபமாக, ஓங்கி.

பிறகு ஒன்பதாம் மாடி. பிறகு அடியிலிருந்து யாரோ. பிறகு தலைக்கு நேர் மேலே ஃபைனா, தன் கனத்த கையால், விட்டேனா பார் என்று. குழாய் முழுவதும் அதிர்ந்தது. மேசையில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அவள் அடிக்க அடிக்க அவர்களும் அடித்தார்கள். அது என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளே சொன்னதுதான்.

கை ஓய்ந்தது. அவள் நிறுத்தியதும் ஒவ்வொருவராக அவர்களும் நிறுத்தினார்கள். மேலே ஏதோ ஒரு வீட்டில் யாரோ அப்பாடா என்று சொல்லியிருப்பார்கள்.

அடுப்பில் சாறு தீய்ந்துகொண்டிருந்தது.

கீழே, தரையோடு தரையாக, இரும்பின் அடியிலிருந்து: டக். டக். சின்னக் கை. அவசரக் கை. எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

இடைவெளி.

பிறகு அதன் பக்கத்திலேயே இன்னொரு ஸ்பூன். கனமாக. பொறுமையாக. டக். டக்.

நோன்னா தரையில் படுத்தாள். சுடும் இரும்பில் கன்னத்தை வைத்தாள். படுத்த நிலையிலேயே, கை எட்டிய உயரத்தில், சுத்தியலால் ஒரே ஒரு முறை தட்டினாள்.